துப்பத் தெரியாத சபை

ஐப்பசி அடைமழையில் காரைக்கால் நனைந்து ஊறிக் கிடந்தும் மண்வாசனை மட்டும் எழும்பாமல் போன வருஷத்தில், ஊரில் ஒருத்தரும் அலறவில்லை, ஒருத்தரும் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஓடவில்லை. என்ன இது மண் மணக்கலையே என்று வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சளி பிடித்திருக்கும் என்று சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், எதிர் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்த பிறகு விசாரித்தார்கள். விசாரித்ததில், மண்வாசனையை முசியே தனிஸ்லாஸ் எடுத்துவிட்டார், அது இப்போது அவர் வீட்டு மாடியில் ஒரு கண்ணாடிக் கிளாசுக்குள் இருக்கிறது என்று தெரியவந்தது. அப்படியா சங்கதி என்று கேட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காப்பித்தூள் கடை ரொசாலி ஒருத்திதான், "தெரு முனையில சாக்கடை நாறிக்கிட்டுக் கெடக்கு, அதை எடுக்க ஆளில்ல, மண்ணு மணந்தது பொறுக்கலையா இவங்களுக்கு" என்று கொட்டையை வறுத்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முசியே தனிஸ்லாஸ் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து, துலோன் துறைமுகத்துப் பாசறையில் போர்வைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளி, பென்ஷனோடு ஊர் திரும்பிய மனுஷன். போர்வை மடிப்பதில் ஒரு கேவலமும் இல்லை. மடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஜெனரல்களோடு உட்கார்ந்து ஒயின் குடித்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் கேவலம். அவரோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். பாரிஸில் மெத்ரோ ரயிலடியில் டிக்கெட்டுக்கு ஓட்டை போட்டுவிட்டு வந்த வைத்திலிங்கம் ஒருத்தர். பிரான்ஸை மேப்பில் தவிர வேறெங்கும் பார்க்காமலே பிரெஞ்சுப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற கப்ரியேல் இன்னொருத்தர். இவர்களும், இவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் இன்னும் சிலரும் சேர்ந்ததுதான் பொர்தோ சபை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், சாமியார் கொடுத்த நன்மை அப்பம் நாக்கில் கரையுமுன்னே, தனிஸ்லாஸ் வீட்டு மாடிப்படி ஏறிவிடுவார்கள்.

அங்கே நடக்கிற கூத்தைக் கேளுங்கள். யாராவது சொந்தக்காரர் பிரான்ஸிலிருந்து வரும்போது கைலிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த புட்டி ஒன்றை ஈர மணல் நிரப்பிய பானையிலிருந்து எடுப்பார்கள். அது பொர்தோ சீமைச் சிவப்பு ஒயின். ஒரே திராட்சையில் செய்ததில்லை. கபெர்னே என்று ஒன்று விறைப்புக்கு, மெர்லோ என்று ஒன்று மெதுவுக்கு, இன்னொன்று வாசனைக்கு என்று மூன்றைத் தனித்தனியே ஊற வைத்து, மரப் பீப்பாயில் வருஷக்கணக்காகத் தூங்க வைத்து, அளவு பார்த்துக் கலந்தது. அதை அகன்ற கிளாசில் கால்வாசி ஊற்றி, வெள்ளைத் துணிக்கு நேரே சாய்த்து ஓரத்தில் செங்கல் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். காம்பைப் பிடித்துச் சுழற்றி, கிளாசின் உள்பக்கம் ஒயின் கண்ணீர் மாதிரி வழிகிறதைப் பார்த்து, அழுகிறாள் அழுகிறாள் என்பார்கள். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார்கள். ஒரு வாய் எடுத்து, சூடான ரசத்தை உறிஞ்சுகிற மாதிரி சத்தம் போட்டுக் காற்றை உள்ளே இழுத்து, கன்னத்துக்குக் கன்னம் தள்ளி, துவர்ப்பு ஈறில் ஏறும்வரை வைத்திருந்து, பிறகு முழுங்குவார்கள். துப்ப மாட்டார்கள். பிரான்ஸ் தேசத்துச் சரக்கைத் துப்புகிறவன் பெற்ற தாயின் பாலைத் துப்புகிறவன் என்று தனிஸ்லாஸ் சட்டமே போட்டிருந்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தர் சொன்ன வாசனையை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லக் கூடாது. வைத்திலிங்கம் எந்தப் புட்டியைத் திறந்தாலும் நாவல்பழம், நாவல்பழம் என்று சொல்லிக்கொண்டிருந்த கடுப்பில் தனிஸ்லாஸ் கொண்டுவந்த சட்டம் அது. அன்று முதல் ஒவ்வொருத்தரும் புதுசு புதுசாகத் தேட வேண்டியதாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே தேடினார்கள். பழைய புத்தகம் என்றார்கள், பென்சில் சீவிய தூள் என்றார்கள், பழுத்த அத்தி என்றார்கள். ஒன்றும் அதில் இல்லை. வருஷக்கணக்கில் பொய் சொல்லிப் பழகிய அந்த நாக்குகளுக்கு எந்தச் சாமி என்ன வரம் கொடுத்ததோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனிஸ்லாஸ் முதல் மழை விழுந்த மண் என்று சொன்னபோது, ஊர் மண்ணிலிருந்த வாசனை அப்படியே கிளம்பி வந்து கிளாசுக்குள் உட்கார்ந்துகொண்டது. அவர் முழுங்கினார், அது அங்கேயே தங்கிவிட்டது. அடுத்து எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதில் மண் மணத்தது. பொய் சொன்ன வாய் பலிக்கிற வாயாகிவிட்டதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை, எல்லாம் தன் நாக்கின் நுட்பம் என்று நம்பினார்.

பிறகு ஞாயிறுதோறும் ஒன்றொன்றாகப் போயிற்று. ஊரும் ஒன்றொன்றாகப் பழகிக்கொண்டது, பழகிக்கொள்வதில் மனுஷனை மிஞ்சிய பிராணி உண்டா. மழை வருமுன்னே காற்றில் மண் மணந்து சொல்லும் என்று நம்பி மாடியில் வடாம் காயப்போட்ட பெண்கள், இரண்டு தடவை நனையக் கொடுத்துவிட்டு, மேகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தோல் வாசனை போனதும், செருப்புக் கடை மைதீன் பிச்சையிடம் வந்தவர்கள், பாய், இது ரெக்ஸின் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் ஒரு செருப்பு வாரை அறுத்து வாசலில் தொங்கவிட்டு, நம்பாதவர்களைக் கடித்துப் பார்க்கச் சொன்னார், கடித்துப் பார்த்தும் வாங்கினார்கள். சுருட்டு வாசனை போனபோது கிழவர்கள் வெறும் புகையை ஊதிக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருக்க, அவர்கள் வீட்டுப் பெண்கள் கூட்டமாகப் போய் தனிஸ்லாஸுக்கு வாழைத்தாரும் தேங்காயும் கொடுத்துவிட்டு வந்தார்கள். மல்லி போனபோது கொஞ்சம் முனகினார்கள். பூக்காரிகள் மட்டும், பார்வைக்கு மல்லி, பார்வைக்கு மல்லி என்று கூவி விற்கப் பழகினார்கள். கல்யாண வீடுகளில் பெண்ணின் தலையில் வெறும் வெள்ளையை வைத்து அத்தரைத் தெளித்து அனுப்பினார்கள். நகராட்சியில் போய்க் கேட்டவர்களிடம், வாசனைக்கு வரி வசூலிப்பதில்லை, வரி இல்லாத பொருள் திருட்டுப் போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெரிய மனுஷர்கள் மட்டும் உஷாரானார்கள். பங்குச் சாமியாரும், தர்கா டிரஸ்டியும், சிவன் கோயில் குருக்களும் அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை; அன்று தனிஸ்லாஸ் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, பூசைத் தூபத்தையும், சாம்பிராணியையும், கற்பூரத்தையும் கிளாசைப் பிடித்தபடி சபை வாயால் சொல்லவே கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். கடவுள் சம்பந்தப்பட்ட மூன்றும் பத்திரம். மனுஷன் சம்பந்தப்பட்டதற்கு வாக்கு வாங்க ஆளில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனிஸ்லாஸ் வீட்டு மாடிப்படியில் வரிசை நிற்கத் தொடங்கியது. மண்வாசனையைப் பார்க்கணும் என்று விவசாயிகள், மல்லி வாசனையைப் பார்க்கணும் என்று கல்யாணப் பெண்கள், படிப்படியாக ஏறி, கூடத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே மூக்கை வைத்து நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு கை கிளாசைக் கம்பிக்கு அருகே காட்டும், ஒரு மூச்சு, அவ்வளவுதான், அடுத்த ஆள். தொட விடமாட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று தனிஸ்லாஸ் வரிசையைப் பார்த்துச் சிரிப்பார், வரிசையும் சேர்ந்து சிரிக்கும். தன் வீட்டு முற்றத்து மண்ணை அடுத்தவன் கிளாசில் மோந்து பார்த்துவிட்டு நன்றி முசியே என்று கும்பிட்டு இறங்குகிற ஜனத்தை என்னவென்று சொல்வது. ரொசாலி காறித் துப்பினாள், தெருவில்தான்.

ரொசாலியின் கடை தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. கோழி இறகும் மீன் கழுவிய தண்ணீரும் அழுகிய வாழைமட்டையும் சேர்ந்து நகராமல் நிற்கிற அந்தப் பெரிய சாக்கடை அவள் தெரு முனையில்தான். அதையும் மீறி ஜனங்கள் அவளிடம் வந்தார்கள் என்றால் காரணம் ஒன்றே ஒன்று: அவள் வறுக்கத் தொடங்கினால் அந்த நாற்றம் பின்வாங்கிப் போகும், தெரு முழுக்கக் காப்பி மணக்கும், மூக்கே ஆளைப் பிடித்து இழுத்து வந்து கடைக்கு முன்னால் நிறுத்தும். அவளும் மூன்றைத்தான் கலந்தாள். திடத்துக்குப் பிளாண்டேஷன் கொட்டை, வாசனைக்குப் பீபெரி கொட்டை, நிறத்துக்கும் நாக்கில் நிற்பதற்கும் ஒரு துளி சிக்கரி. எது எப்போது இறங்க வேண்டும் என்று அவள் கண்ணால் பார்ப்பதில்லை. வறுக்கிற டிரம்மைச் சுற்றிக்கொண்டே மூக்கால் பார்ப்பாள். கடைதான் அவள் சோறு, அவள் மரியாதை, எல்லாம்.

அவள் புருஷன் லியோன். நல்லவன், அடிக்கத் தெரியாது, சம்பாதிக்கவும் தெரியாது. அவன் தாத்தா, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று கையெழுத்துப் போடக் கொடுத்த கெடுவில் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போய்விட்டார், அந்த ஒரு விருந்தில் மூன்று தலைமுறைக்குப் பிரான்ஸ் போயிற்று. லியோனுக்கு அந்த ஏக்கம் எலும்பில் இருந்தது. பொர்தோ சபையில் ஒருத்தர் காலமாகி நாற்காலி காலியானதும், தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் தவம் கிடந்து அந்த நாற்காலியை வாங்கிவிட்டான். முதல் நாள் போகுமுன்னே ரொசாலியிடம் வந்து, மூன்று திராட்சையைக் கலப்பது எப்பேர்ப்பட்ட கலை தெரியுமா என்று அரை மணி நேரம் பேசினான். நாமளும் மூணைத்தான் கலக்குறோம் என்றாள் அவள். அதுவும் இதுவும் ஒண்ணா என்று அவன் சிரித்தான். கல்யாணமான நாள் முதல் தினம் அவள் கையால் காப்பி குடிக்கிறவன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது எப்படி இருக்கிறது என்று சொன்னதில்லை.

அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னங்க, அங்க போய் என்ன கண்றாவிய வேணா சொல்லுங்க. காப்பிய மட்டும் சொல்லாதீங்க. அது போனா நான் தெருவுக்குத்தான் வரணும்" என்றாள். சொல்வேனா, எனக்குப் பைத்தியமா, ஈரப் பலகை என்று சொல்லப் போகிறேன் என்று அவன் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான்.

சத்தியத்தில் பொய்யில்லை. ஆனால் அவன் முறை வருவதற்கு முந்தின முறை கப்ரியேலுடையது, அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக, ஈரப் பலகை என்று சொல்லிவிட்டார். சபை தலையை ஆட்டியது. எல்லோரும் லியோனைப் பார்த்தார்கள். கிளாசை வைத்துக்கொண்டு நின்றான், மூக்கை விட்டான், எடுத்தான், வியர்த்தான். பிறந்தது முதல் ரொசாலி வீட்டுக்காரனாக ஆனது வரை அவன் எதையும் கவனித்து மோந்ததே இல்லை. அதற்குப் பிறகு மூக்கில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். தனிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்தார். வறுத்த காப்பிக்கொட்டை என்று லியோன் சொல்லி, பதற்றத்தில் மடக்கென்று முழுங்கிவிட்டான். சபாஷ் என்று கை தட்டினார்கள். அதே நேரத்தில் ரொசாலி டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தாள்; ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே வாசனை நின்றது. அவள் கை அப்படியே நின்றது. கொட்டை கருகியது, கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல ஊர் பழகிக்கொண்டது. காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றார்கள், டீக்கு மாறினார்கள். நாகூரிலிருந்து பஸ்ஸில் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தவர்கள், வாஞ்சூர் எல்லை தாண்டியதும் அது ஊமையாகிப் போவதைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கமே நின்று குடித்துவிட்டு வரப் பழகினார்கள். ரொசாலி கடைக்கு வந்தவர்கள், தூள் பழசா என்று கேட்டார்கள், பிறகு கேட்கவும் வரவில்லை. சாக்கடை நாற்றம் கடைக்குள் வந்து உட்கார்ந்தது. மூக்கில்லாமல் வறுத்து அவள் மூட்டை மூட்டையாய்க் கருக்கினாள். லியோன் மட்டும், ஒரு வகையில பாரு, நம்ம காப்பி பொர்தோவுல சேர்ந்துடுச்சு, எவ்வளவு பெரிய மரியாதை என்று சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கருகின மூட்டையைக் கொட்டப் போனாள். திட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்காமல் இருக்க முடியாமல், அவளே அந்த வரிசையில் போய் நின்றாள். தன் காப்பியை மோந்து பார்க்க அடுத்தவன் வீட்டு மாடிப்படியில் வரிசை. அவளுக்கு முன்னால் மாதா சொரூபத்துக்கு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்த பெண்ணொருத்தி. உள்ளே அன்று புது விருந்தாளி: தனிஸ்லாஸின் தம்பி பேத்தி எலோதி, கிறிஸ்துமஸுக்கு வந்தவள், பொர்தோவிலேயே திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள், தமிழில் வணக்கத்துக்கு மேல் தெரியாது. கிளாசை வாங்கினாள், இவர்கள் செய்கிற சேட்டை ஒன்றும் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள், மோந்தாள், ரோஸ் என்றாள். வரிசையில் நின்ற பெண்ணின் கையில் ரோஜா மாலை செத்தது. வாசனை போனது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. எலோதி ஒரு வாய் எடுத்தாள், காற்றை இழுத்தாள், கன்னத்துக்குக் கன்னம் தள்ளினாள், பிறகு மேசையில் அழகுக்கு வைத்திருந்த வெற்றிலைப் படிக்கத்தை இழுத்து அதில் துப்பினாள்.

சபைக்கு உயிர் போய்விட்டது. கப்ரியேல் எழுந்தே நின்றுவிட்டார். அங்கே எல்லோரும் துப்பத்தான் செய்வார்கள், முழுங்கினால் நாலாவது கிளாசுக்கு நாக்கு மரத்துப் போகும் என்று அவள் பிரெஞ்சில் சொன்னதாகத் தெரிகிறது. இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பண்பாடு தெரியவில்லை என்று தனிஸ்லாஸ் தமிழில் சொன்னார், அந்தப் பெண்ணுக்குப் புரியாதபடி. ரோஜா மாலைக்கு மறுபடி உயிர் வந்ததை வரிசை கவனித்தது, அட வந்துடுச்சே என்றது, அதோடு மறந்தது. ரொசாலி மறக்கவில்லை. முழுங்கினால் தங்குகிறது, துப்பினால் திரும்புகிறது. காப்பியை எடுத்த வாய் துப்ப வேண்டும், அவ்வளவுதான். தன் முறை வருமுன்னே அவள் வரிசையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

லியோனிடம் கேட்டாள். ஒரு வாய், ஒரே வாய் துப்பிவிட்டு வாங்க என்றாள். துப்பினால் நாற்காலி போய்விடும் என்றான் அவன். கடை போகிறதே என்றாள். அவன் சபைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தான். அன்றைக்கு ராத்திரி அவள் அழுதாள், காப்பிக்காக இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. அன்று மட்டும் சபைக்குப் பெண்டாட்டிகளை அழைத்துப்போவது வழக்கம். கேக்குக்குள் அவரைக்கொட்டை வைத்துச் சுட்டு, கொட்டை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம் வைத்து, அன்றைய புட்டியின் முதல் வாசனையைச் சொல்லும் உரிமையையும் கொடுப்பார்கள். எலோதி ஊருக்குப் போய்விட்டிருந்தாள். பெண்கள் பட்டுப்புடவையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டை வைத்திலிங்கத்தின் மனைவிக்கு வந்தது. அவள் எனக்கெதுக்கு இந்த வம்பு என்று அதைத் தள்ள, ரொசாலி, நான் சொல்றேன் என்று எழுந்து கிரீடத்தைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள். தனிஸ்லாஸ் பெருந்தன்மையாகச் சிரித்து, இருப்பதிலேயே பழைய புட்டியைத் திறந்து, அவளுக்குக் கிளாசை நீட்டினார். பயப்படாதே அம்மா, மனசில் பட்டதைச் சொல், பெண்களுக்குப் பூ, பழம் இப்படித்தான் தோன்றும், தப்பில்லை என்றார்.

ரொசாலி கிளாசை வாங்கி வெள்ளைத் துணிக்கு நேரே சாய்த்தாள். சுற்றினாள். மூக்கை விட்டுக் கண்ணை மூடினாள், அவர்கள் மூடுகிற மாதிரியே. அதற்குள் மண் மணத்தது, மல்லி மணத்தது, அடியில் எங்கேயோ அவளுடைய காப்பி மணத்தது; அவள் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள், ரசனை என்று நினைத்தார்கள்.

"சாக்கடை" என்றாள் ரொசாலி. "எங்க தெரு முனை, மார்க்கெட்டுச் சாக்கடை. கோழிக் கழிவும் மீன் தண்ணியும் தேங்கி நிக்குமே, அது. நல்லாத் தெரியுது. ஒங்க யாருக்கும் இன்னும் தெரியலையா?"

மார்க்கெட்டுத் தெருவில் ஏதோ பெரிய பாரம் இறங்கிய மாதிரி காற்று லேசானது. மாடிக்குள் அந்த நாற்றம் நிறைந்தது. பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். கிளாசுகள் எல்லாம் ஏற்கெனவே ஊற்றி வைத்தாயிற்று, சட்டப்படி குடிக்காமல் எழக் கூடாது. இப்போது துப்புவார்கள், ஒவ்வொருத்தராகத் துப்புவார்கள், மண்ணும் மல்லியும் காப்பியும் வீடு திரும்பும் என்று ரொசாலி படிக்கத்தைக் கண்ணால் தேடி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மனுஷரின் மூக்குதான்; பெரிய மனுஷரின் மீசை எப்பேர்ப்பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. குப்புற விழுந்தும் மண் ஒட்டாத மீசை.

தனிஸ்லாஸ் கிளாசை எடுத்தார். கண்ணில் நீர் கட்டியது. ஒரு வாய் எடுத்தார், காற்றை உள்ளே இழுத்தார், கன்னத்துக்குக் கன்னம் தள்ளினார், துவர்ப்பு ஈறில் ஏறும்வரை வைத்திருந்தார். பிறகு முழுங்கினார். கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "துணிச்சலான ஒயின். பின்சுவை நீளம்" என்றார்.

உண்மைதான், நீளம்தான். அடுத்து கப்ரியேல் முழுங்கினார், முதிர்ச்சி தெரிகிறது, இளசுகளுக்கு இது பிடிபடாது என்றார். வைத்திலிங்கம் மூக்கைப் பிடிக்காமல் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு, ஆற்றங்கரைத் தோட்டத்துத் திராட்சைதான், சந்தேகமே இல்லை என்றார். தலையாட்டிகள் எல்லோரும் வரிசையாக முழுங்கி வரிசையாகத் தலையாட்டினார்கள். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். விழுந்த மூஞ்சூறாவது வெளியே வரக் கையையும் காலையும் உதைத்திருக்கும். இவர்கள் பானையின் ருசியைப் புகழ்ந்துகொண்டு அதிலேயே மிதந்தார்கள். ஊர் நாற்றத்தையே அள்ளிக் கொடுத்தும் தோற்றுவிட்டோம் என்று ரொசாலி நினைத்தாள்.

கடைசி நாற்காலி லியோனுடையது. அவன் கிளாசை எடுத்துவிட்டான், வாயிலும் ஊற்றிவிட்டான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். சபை முழுக்க அவனையே பார்த்தது. அவன் பார்வை தனிஸ்லாஸிடம் போயிற்று, தாத்தா தவறவிட்ட அத்தனையும் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ரொசாலி காகிதக் கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். படிக்கத்தை எடுத்து, வாந்தி வருகிற நோயாளிக்கு வைக்கிற மாதிரி அவன் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"நீங்க முழுங்கினா நான் இனிமே கடையத் தொறக்கவே மாட்டேன்" என்றாள். "சாவியக் கொண்டாந்து இவருகிட்டயே குடுத்துடறேன். இவரே ஒங்களுக்குக் காப்பி போட்டுத் தரட்டும்."

லியோன் துப்பினான். மரியாதையாகத் துப்பவில்லை, எலோதி துப்பிய மாதிரி ஒதுக்கமாகத் துப்பவில்லை. மேசைத் துணி, கேக், தனிஸ்லாஸின் வெள்ளைக் கால்சட்டை எல்லாவற்றின் மேலும் தெறிக்கத் துப்பினான், துப்பி முடித்தும் நிறுத்தாமல் தூ, தூ என்று வாயில் இருந்ததெல்லாம் போகும்வரை துப்பினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னல் கம்பி வழியாக வந்தது. இரண்டு தெரு தள்ளிப் பூட்டிக் கிடந்த கடையிலிருந்து, அதற்கு அப்பால் அடுப்படி அடுப்படியாக, டப்பா டப்பாவாக, ஊரில் மிச்சமிருந்த அத்தனை தூளும் ஒரே மூச்சில் மணத்து மாடியேறி வந்தது. பெண்கள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார்கள். வைத்திலிங்கத்தின் மனைவி, வீட்டுக்குப் போலாங்க, ஒரு வாய் காப்பி குடிக்கணும் என்று வாய்விட்டே சொன்னாள். அவர் அசையவில்லை. வயிற்றில் இருந்ததை அசைக்காமல் வைத்துக்கொள்வதிலேயே அவருடைய கவனமெல்லாம் இருந்தது.

லியோனைச் சபையிலிருந்து அங்கேயே நீக்கினார்கள். மற்றவர்கள் இன்றுவரை துப்பவில்லை, துப்புவதாகவும் இல்லை. அதனால் காரைக்காலில் இன்னும் மழை பெய்தால் மண் மணப்பதில்லை, மல்லி பார்வைக்குத்தான். சாக்கடையும் நாறுவதில்லை, நாறாத சாக்கடையை எதற்குத் தூர்வார வேண்டும் என்று நகராட்சி அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது. மாடிப்படியில் வரிசையும் மாறிவிட்டது. இப்போது மோந்து பார்க்க யாரும் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் பக்கம் குடியிருக்கிறவர்கள், கருவாட்டுக் கிடங்குக்காரர்கள், மீன்தூள் ஆலைக்குக் காற்று வாக்கில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் வாழைத்தாரோடு வந்து, முசியே, இந்த வாரம் எங்களது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாதா என்று கெஞ்சுகிறார்கள். சபையும் இரக்கப்பட்டுக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் கண்ணை மூடி முழுங்கிவிட்டு, பின்சுவையைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார்கள். அவர்களை யாரும் நெருங்கி நின்று பேசுவதில்லை என்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மாடிப்படி இறங்கி வந்ததும் ரொசாலி கடையைத் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, கொட்டை இரண்டையும் அளந்து வறுத்து, மூக்கு சொன்னபோது இறக்கி, அரைத்து, சிக்கரியைக் கலந்து, டிகாக்‌ஷன் போட்டாள். லியோன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், உதைபட்டு வந்தவன் மாதிரி இருந்தது முகம். அவள் டம்ளரை வைத்தாள். அவன் பழக்க தோஷத்தில் அதைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோனான்.

"மோந்து பாக்காதீங்க" என்றாள் ரொசாலி. "குடிங்க."

குடித்தான். வாயைத் திறந்தான். அவள் கையில் கரண்டியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், தெருவில் காப்பி வாங்க நின்ற நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றான் லியோன்.

அந்த வார்த்தையால் ஊரில் எதுவும் குறைந்துபோகவில்லை.